கோள் சொன்னவளும் கேட்டவனும்

(அய்யலூர்க் கூட்டத்தில் பேசியது)



கதைகளிலும் புராணங்களிலும் வருகிற கோள்காரர்களைப் பற்றி ஏதாவது பேச வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் பண்டிதனும் அல்ல, கதை எழுதுகிறவனும் அல்ல. ஆனாலும் வம்பு பேசுகிற விஷயத்தில் நம்மில் யாருக்குத்தான் அனுபவமில்லை? அந்த யோக்கியதையைக் கொண்டு சில வார்த்தைகள் சொல்லுகிறேன். நான் சொல்லுவதை, மேடை மேல் நிற்கிறவன் சொன்னான் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். உங்கள் புத்தியில் வைத்துப் பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே தள்ளிவிட்டுப் போங்கள்.

இந்த அய்யலூரில் வியாழக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. ஆடு வாங்க வருகிறவர் என்ன செய்கிறார்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், முதுகைத் தடவிப் பார்க்கிறார், தூக்கி எடை பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். விற்கிறவர் சொல்லை மட்டும் நம்பி எவராவது மடியிலிருந்து பணத்தை எடுக்கிறாரா? எடுத்தால் வீட்டில் சும்மா விடுவார்களா? ஆனால் அதே சந்தையில், அதே மனுஷரிடம், இன்னாருடைய பெண் இன்னாரோடு பேசிக்கொண்டிருந்தாளாம் என்று ஒருவர் சொல்லட்டும். அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மனுஷர் ஒருவராவது உண்டா? கேட்ட விலைக்கு வாங்கி, வீடு போவதற்குள் நான்கு பேருக்கு விற்றும் விடுகிறோம். ஆட்டுக்குக் காட்டுகிற அறிவை மனுஷிக்குக் காட்டுவதில்லை.

நான் பிறரைக் குறை சொல்ல வந்தவன் என்று நினைக்க வேண்டாம். என் வாலிபத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். எங்கள் ஊரில் ஒரு கிழவி இருந்தாள். அவளுக்கு ஊரார் வைத்த பெயர் "ரேடியோ". ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் பஸ் கண்டக்டரோடு சிரித்துப் பேசினாள் என்று அவள் ஒருநாள் சொல்லிவிட்டாள். அதை நான் டீக்கடையில் கேட்டேன். கேட்டதோடு நின்றேனா? இல்லை. இரண்டு பேரிடம் சொன்னேன். சொன்னதோடு நின்றேனா? "ஆமாம், அந்தச் சாயங்கால பஸ்தான், நானே பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்தேன். நான் பார்த்தது பஸ்ஸை மட்டுந்தான். பத்து நாளில் அந்தப் பெண்ணின் படிப்பை நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதத்தில் அவளைவிட மிகவும் மூத்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அப்புறம் ஊரில் எல்லோரும் அந்தக் கிழவியைத் திட்டினார்கள். அவள் நாக்கு அழுகிப்போகும் என்றார்கள். விசாரிக்காமல் படிப்பை நிறுத்திய தகப்பனாரை ஒருவரும் திட்டவில்லை. அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். என்னையும் ஒருவரும் திட்டவில்லை. நானுங்கூட அந்தக் கிழவியைத் திட்டினேன்!

இந்தச் சங்கதியை மனத்தில் வைத்துக்கொண்டு நம்முடைய கதைகளுக்குள் போய்ப் பார்ப்போம். கோள் சொன்னவர்களாகக் கதைக்காரர்கள் யாரை நிறுத்துகிறார்கள், கோளைக் கேட்டுக் காரியம் செய்தவரை என்ன செய்கிறார்கள் என்பதுதான் நான் பார்க்கச் சொல்லுவது.

முதலில் நம் ஜில்லாவிலிருந்தே தொடங்குகிறேன். வத்தலக்குண்டில் 1872-ஆம் வருஷம் பிறந்தவர் இராஜம் அய்யர். அப்போது இந்தப் பகுதியெல்லாம் மதுரை ஜில்லா. திண்டுக்கல் தனி ஜில்லாவானது 1985-இல்தான். இவர் இருபத்தொன்றாவது வயதில் "விவேக சிந்தாமணி" என்ற பத்திரிகையில் ஒரு கதையை எழுதத் தொடங்கி, 1893 முதல் 1895 வரை எழுதினார். 1896-இல் அது புத்தகமாயிற்று. தமிழில் உண்டான முதல் நாவல்களில் அது ஒன்று. "கமலாம்பாள் சரித்திரம்" என்று சொன்னால் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆசிரியர் வைத்த முழுப் பெயர் அதுவல்ல. "ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்" என்பதே அவர் வைத்த பெயர். அதாவது அபவாதத்தை முன்னே வைத்தார். கமலாம்பாளைப் பின்னே வைத்தார். பின்னால் வந்தவர்கள் அபவாதத்தை உதிர்த்துவிட்டு அம்மாளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1998-இல் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்கிற வெள்ளைக்காரர் இங்கிலீஷில் மொழிபெயர்த்து வெளியிட்டபோதுதான் அபவாதம் மறுபடியும் தலைப்பில் ஏறிற்று.

கதை நடப்பது மதுரை ஜில்லாவில் சிறுகுளம் என்ற கிராமத்தில். முத்துஸ்வாமி அய்யர் என்கிற வசதியான மனுஷர். அவர் மனைவி கமலாம்பாள். தம்பி மனைவி பொறாமைக்காரி. வீட்டுக்குள் புகைச்சல். கிராமத்துப் பெண்கள் கூடிக் கூடி ஊர்ச் சங்கதிகளைப் பேசுகிறார்கள். இந்தப் பெண்கள் கூட்டத்துக்கு இராஜம் அய்யர் ஒரு பெயர் வைத்தார் பாருங்கள், "வம்பர் மகாசபை" என்று! காங்கிரசையும் மகாசபை என்றே ஜனங்கள் சொல்லிவந்ததை நினைத்துக்கொண்டால் சிரிப்பு இன்னும் அதிகமாக வரும். உண்மையிலேயே நல்ல கைகாரர். அந்தப் பெண்கள் பேசுகிற இடத்தைப் படித்தால், நம் தெருவில் நின்று காதால் கேட்கிற மாதிரியே இருக்கும். நூற்று முப்பது வருஷமாகியும் அந்தப் பேச்சு பழசாகவில்லை.

சபையில் உருவாகிற பேச்சு சபையோடு நிற்கிறதா? கடைசியில் கமலாம்பாளின் நடத்தையின் மேலேயே அபவாதம் வருகிறது. கணவர் முத்துஸ்வாமி அய்யரோ பொருளையும் இழந்து நொந்து கிடக்கிற சமயம். அவர் காதில் அது விழுகிறது. மனமுடைந்து போகிறார். குருவைத் தேடிப் போகிறார். கதை அப்புறம் வேதாந்தத்துக்குள் போய்விடுகிறது. முன்பாதி சிரிக்கச் சிரிக்க ஊர்க் கதை, பின்பாதி ஞானம். படித்தவர்கள் பலரும் இதை ஒரு குறையாகச் சொல்லுவதுண்டு. கதையின் கட்டுக்கோப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. எனக்குத் தோன்றுகிற கேள்வி வேறு.

இவ்வளவு வருஷம் கூட வாழ்ந்த மனைவியைப் பற்றி ஒரு பேச்சு வந்தால், புருஷன் செய்ய வேண்டியது என்ன? நேரே அவளிடம் போய், "இப்படி ஒரு பேச்சு வருகிறதே, என்ன சங்கதி?" என்று கேட்பதா, அல்லது ஞானம் தேடிப் போவதா? கடன்காரன் வந்து "உங்கள் தகப்பனார் என்னிடம் ஆயிரம் ரூபாய் வாங்கினார்" என்றால் மனமுடைந்து போய்விடுகிறோமா? "பத்திரம் எங்கே?" என்று கேட்கிறோம். ஆயிரம் ரூபாய்க்குப் பத்திரம் வேண்டும். பெண்டாட்டியின் மானத்துக்குப் பத்திரம் வேண்டியதில்லை! இதில் குற்றம் சபையில் பேசினவர்களுடையதா, சாட்சியில்லாமல் மனமுடைந்தவருடையதா? கதை முழுவதும் நாம் அந்தப் பெண்களின் மேல் கோபப்படுகிறோம். கணவர் மேல் நமக்குக் கோபமே வருவதில்லை. அவர் மேல் வருவது பக்தி.

அந்த மகாசபைப் பெண்கள் யார் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். அது 1890-களின் அக்கிரகாரம். பெண்களுக்குப் பொம்மைக் கல்யாணம் செய்கிற வயதிலேயே நிஜக் கல்யாணம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்ணோடு புருஷன் கூடக்கூடாது என்று 1891-இல் சர்க்கார் சட்டம் கொண்டுவந்தபோது மதம் போச்சு என்று கூச்சல் போட்ட காலம். கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த வீதிகளில் எத்தனை பேர் செய்துகொண்டார்கள்? 1901-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் இந்தியாவில் எழுத்துத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. படிக்கப் புத்தகமில்லை, செய்ய உத்தியோகமில்லை, போக இடமில்லை, கையில் காசில்லை. அடுப்பு, கிணறு, ஆறு, கோயில் இவ்வளவுதான் உலகம். தன் வாழ்க்கையில் ஒன்றுமே நடக்காதபடி ஒரு மனுஷியை அடைத்து வைத்துவிட்டால், அவள் அடுத்த வீட்டு வாழ்க்கையைத்தான் எடுத்துத் தின்பாள். பசித்தவனை அறையில் பூட்டிவிட்டு, அவன் சுவரைச் சுரண்டித் தின்றான் என்று கேலி செய்கிற மாதிரி இருக்கிறது நமது சிரிப்பு.

அதற்காகக் கோள் சொல்லுகிறவர்கள் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கெட்டவர்கள்தான். சிலர் மிகவும் கெட்டவர்கள். பிறத்தியார் குடி கெட்டால் அன்று இரண்டு கவளம் சோறு கூட இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவர்களுடைய நாக்குக்கு வெட்டுகிற பலத்தை யார் கொடுத்தார்கள் என்பதை நாம் பார்க்க வேண்டாமா?

இனி நமது பெரிய புராணக்காரர்களிடம் வருவோம். இராமாயணத்திலே கோளுக்குப் பெயர் போனவள் கூனி. மந்தரை என்பது அவள் பெயர். அந்தப் பெயரைக்கூட யாரும் சொல்லுவதில்லை, உடம்பின் ஊனத்தைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவள் கைகேயியின் வீட்டு வேலைக்காரி. சிறு பிள்ளையாயிருக்கையில் இராமன் அவளுடைய கூன் மேல் மண் உருண்டையால் அடித்தான் என்று கம்பரே பாடி வைத்திருக்கிறார். ஊனமுள்ள ஒரு வேலைக்காரியை ராஜா வீட்டுப் பிள்ளை அடித்தது விளையாட்டு. அதை அவள் மறக்காதது மகாபாவம்! சரி, அவள் சொன்னதுதான் என்ன? உன் மகனுக்கு ராஜ்யம் கேள் என்றாள். கைகேயியைக் கல்யாணம் செய்யும்போதே அவள் வயிற்றுப் பிள்ளைக்கு ராஜ்யம் தருவதாகத் தசரதன் அவள் தகப்பனாருக்கு வாக்குக் கொடுத்திருந்தான் என்று வால்மீகி ராமாயணத்தில் இராமன் வாயாலேயே வருகிறது. வாக்குக் கொடுத்தவன் ஒரு ராஜா. அதை மறைத்துப் பரதன் ஊரில் இல்லாத சமயமாகப் பார்த்து முடிசூட்ட நாள் வைத்தவனும் அவனே. ஆனால் உலகம் கெட்டது கூனியால்! இன்றைக்கும் எந்த வீட்டில் சண்டை வந்தாலும், "எந்தக் கூனி புகுந்தாளோ" என்கிறோம். "எந்தத் தசரதன் புகுந்தானோ" என்று யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

அதைவிட ஒரு பெரிய வேடிக்கை உத்தரகாண்டத்தில் இருக்கிறது. சீதை ஏற்கெனவே ஒரு தடவை நெருப்பில் இறங்கி வந்தாயிற்று. ஊருக்குத் திரும்பிப் பட்டாபிஷேகமும் ஆயிற்று. அவள் கர்ப்பமாயிருக்கிறாள். அப்போது இராமன், ஜனங்கள் என்ன பேசிக்கொள்ளுகிறார்கள் என்று பக்கத்திலிருந்த பத்ரன் என்பவனைக் கேட்கிறான். அவன் முதலில் நல்லதையே சொல்லுகிறான். ஒளிக்காமல் சொல் என்று வற்புறுத்தின பிறகு, முச்சந்தியிலும் கடைவீதியிலும், இன்னொருவன் மடியில் தூக்கிப் போனவளை ராஜா எப்படிச் சேர்த்துக்கொண்டான், இனி நம் வீட்டுப் பெண்கள் விஷயத்திலும் நாம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானா என்று பேசுகிறார்கள் என்கிறான். உடனே இராமன் என்ன செய்தான்? சீதையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டானா? இல்லை. ஆசிரமங்களைப் பார்க்க அவள் ஆசைப்பட்டதையே சாக்காக வைத்துக்கொண்டு, லட்சுமணனோடு அனுப்பிக் கங்கைக்கு அக்கரையில் விட்டுவிட்டு வரச் சொன்னான். காட்டில் வைத்துத்தான் அவளுக்குச் சங்கதியே தெரிகிறது.

தோழர்களே, இது வால்மீகியில் உள்ளது. ஆனால் நம் ஜனங்களுக்குத் தெரிந்த கதை என்ன? யாரோ ஒரு வண்ணான் தன் பெண்சாதியைத் திட்டும்போது, "நான் என்ன இராமனா?" என்று சொன்னான், அதைக் கேட்டு இராமன் சீதையை விட்டுவிட்டான் என்பது. வால்மீகியில் கடைவீதி முழுவதும் பேசின பேச்சு, பின்னால் எழுந்த கதைகளில் ஒரு வண்ணான் தலையில் வந்து இறங்கிவிட்டது! ஊரார் துணியிலிருக்கிற அழுக்கையெல்லாம் அவர் வெளுத்தது போதாதென்று, ராஜாவின் அழுக்கையும் அவர் தலையில் மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டார்கள். அந்த வண்ணார் பேசினது தன் வீட்டுச் சண்டையில், தன் பெண்சாதியிடம். கேட்ட ராஜா செய்ததோ நிறைகர்ப்பிணியைக் காட்டில் விட்டது. பழி யாருக்கு, பூஜை யாருக்கு?

இதை நம்மவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதுமைப்பித்தன் 1943-இல் "சாபவிமோசனம்" என்று ஒரு கதை எழுதினார். கல்லாயிருந்து பெண்ணான அகலிகை, சீதையை நெருப்பில் இறங்கச் சொன்னவன் இராமனே என்று கேட்டதும் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். அவர் நம் இயக்கத்துக்காரர் அல்ல. நம்மைக் கேலி செய்தவருங்கூட. இருந்தாலும் சங்கதி பிடிபட்டிருக்கிறது.

இராமாயணத்தை விட்டு நம் மதுரைக் கதைக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்திலும் ஒரு கோள்காரன் உண்டு. ராணியின் சிலம்பைத் தானே திருடிக்கொண்டு, சிலம்பு விற்க வந்த கோவலனைக் கள்வன் என்று ராஜாவிடம் சொன்ன பொற்கொல்லன். பாண்டியன் விசாரிக்கவில்லை. ஆளனுப்பினான், கோவலன் வெட்டுப்பட்டான். இந்தக் கதையிலும் தெய்வம், முற்பிறப்பு, முலையைத் திருகி எறிந்து ஊரைக் கொளுத்துவது என்று அறிவுக்கொவ்வாத சங்கதிகள் நிறைய இருக்கின்றன. அவைகளை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு இடத்தில் இந்தக் கதை இராமாயணத்துக்கு நேர் எதிராக நிற்கிறது. கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டினதும் பாண்டியன், பொற்கொல்லன் கெடுத்தான் என்று தப்பித்துக்கொள்ளவில்லை. அவன் பேச்சைக் கேட்ட நானே கள்வன் என்று சொல்லிச் சாகிறான். கோளைக் கேட்டவன் குற்றவாளியாக நிற்கிற இடம் நம் பழைய கதைகளில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஆனால் அதோடு விட்டார்களா? அதே புத்தகத்தின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரையில், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்ய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று எழுதியிருக்கிறது. கோள் சொன்னவன் ஒருவன். கொல்லப்பட்டவர்கள் ஆயிரம் பேர். தீர்ப்புச் சொன்ன ராஜ வம்சத்தில் பலியானவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை. நடந்ததோ, கதையோ, அதை எழுதினவருக்கு அது ஒரு அக்கிரமமாகத் தோன்றவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது.

மேல்நாட்டிலும் இந்த மாதிரி உண்டு. ஷேக்ஸ்பியர் ஏறக்குறைய 1604-இல் எழுதிய ஒத்தெல்லோ நாடகத்தில், இயாகோ என்பவன் ஒரு கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சில் ஒத்தெல்லோ தன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். அங்கும் அவளைக் கேட்கவில்லை. கேட்டபோது அவள் சொன்னதை நம்பவில்லை. முடிவில் உண்மை தெரிந்து தன்னையே குத்திக்கொள்ளுகிறான். இங்கிலாந்தில் சட்டத்தின் யோக்கியதை எப்படியிருந்தது தெரியுமா? ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி ஒருவன் வாயால் இழிவாகப் பேசினால், அதனால் தனக்கு இன்ன பண நஷ்டம் வந்தது என்று அவள் காட்டினால்தான் நஷ்டஈட்டு வழக்கு நிற்கும். 1891-இல்தான் அதை மாற்றிப் பெண்கள் அவதூறுச் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். இராஜம் அய்யர் கதை எழுதத் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு. நம் நாட்டில் 1860-ஆம் வருஷத்துப் பீனல் கோட்டில் 499-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 356-ஆம் பிரிவாகியிருக்கிறது அவதூறுக் குற்றம். சட்டம் இருக்கிறது, வடமதுரையில் போலீஸ் ஸ்டேஷனும் இருக்கிறது. ஒரு கூலிக்காரர் மகள் இந்தப் பிரிவைச் சொல்லிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால், வழக்கு முடிகிறதற்குள் அபவாதம் ஜில்லா முழுவதும் பரவிவிடும்.

அப்படியானால் கோளுக்கு மருந்தே இல்லையா என்றால், நம் பழந்தமிழ்ப் பாட்டுகளில் ஒரு சங்கதி இருக்கிறது. ஊர்ப் பேச்சை அந்தக் காலத்தார் இரண்டாகப் பிரித்தார்கள். நான்கு பேர் முணுமுணுப்பது அம்பல். ஊரறியப் பேசுவது அலர். மொட்டும் மலரும் போல. ஒருவனும் ஒருத்தியும் நேசிக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தக் காலத்துப் பெண்களும் வம்பு பேசத்தான் செய்தார்கள். தாய்மார் வீட்டில் பூட்டத்தான் செய்தார்கள். ஆனால் அந்த அலர் முடிவதெங்கே? பெரும்பாலும் கல்யாணத்தில். அலர் எழுந்துவிட்டது, சீக்கிரம் மணந்துகொள் என்று தோழி அவனை நெருக்குகிறாள். குறளில் அலருக்கென்றே 115-ஆவது அதிகாரம் இருக்கிறது. அதில் காதலர்கள் ஊர்ப் பேச்சை எருவென்றே எடுத்துக்கொள்ளுகிறார்கள். ஏன்? தாங்களே தேடிக்கொண்ட ஜோடி. அதைக் கட்டிக்கொள்ள வழி இருந்தது. வழி இருக்கிற இடத்தில் வம்பு வெறும் சத்தம்.

வழி அடைபட்ட இடத்தில் அதே வம்பு என்ன செய்யும் என்பதற்கு நாம் புராணத்துக்குப் போக வேண்டியதில்லை. 2012-இல் தர்மபுரி ஜில்லாவில், ஒரு பெண் ஆதித்திராவிட வாலிபர் ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். நவம்பரில் அந்தப் பெண்ணின் தகப்பனார் தற்கொலை செய்துகொண்டார். அன்றிரவே நத்தம் காலனி முதலான மூன்று குடியிருப்புகளில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். அந்தத் தகப்பனாரை நினைத்துப் பாருங்கள். தன் மகள் உயிரோடு, தான் விரும்பினவனோடு இருக்கிறாள் என்பது ஒரு தகப்பனுக்குச் சாகத்தக்க துக்கமா? இல்லை. நாளைக்குத் தெருவில் எப்படி நடப்பது, நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்கிற ஊர்வாய்க்குப் பயந்து சாகிற மனுஷர்கள் நம் நாட்டில் கொஞ்சமா? அந்த வாய்க்குப் பல்லைக் கொடுத்தது ஜாதி. ஜாதி இல்லாவிட்டால், "உன் மகள் இன்னாரைக் கட்டிக்கொண்டாளாமே" என்பதற்கு, "ஆமாம், சௌக்கியமாயிருக்கிறாள்" என்று பதில் சொல்லிவிட்டு மனுஷர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

நம் இயக்கத்துக் கல்யாணங்களைப் பற்றி இந்த வட்டாரத்தில் என்னென்ன பேசினார்கள் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். புரோகிதர் இல்லை, மந்திரமில்லை, ஆகையால் அது கல்யாணமில்லை, அந்த அம்மாள் பெண்சாதியில்லை என்றார்கள். குழாயடிப் பேச்சுத்தானே என்று விட்டுவிட முடிந்ததா? 1953-இல் சென்னை ஹைகோர்ட்டே ஒரு வழக்கில் அம்மாதிரிக் கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. திண்ணையில் பேசினதும் தீர்ப்பில் எழுதினதும் ஒன்றாகப் போயிற்று. அண்ணா முதல்மந்திரியாயிருக்கையில் 1967-இல் சட்டம் செய்த பிறகுதான், பழைய கல்யாணங்களும் சேர்த்துச் செல்லும் என்றாயிற்று. சட்டம் மாறின மறுநாள் வம்பர்களின் வாய் நின்றுவிடவில்லை. பேசினார்கள். ஆனால் அந்தப் பேச்சினால் ஒரு அம்மாளுடைய சொத்தையோ குழந்தையையோ தொட முடியவில்லை. பாம்பு இருக்கிறது, விஷப்பை போய்விட்டது.

இங்கே இன்னொன்று ஞாபகம் வருகிறது. விஷயத்துக்குச் சற்று வெளியேதான். இந்த அய்யலூர்க் காடுகளில் தேவாங்கு என்று ஒரு சிறு பிராணி இருக்கிறது. இரவில் பூச்சி பிடித்துத் தின்று, பகலில் கிளையில் சுருண்டு தூங்குகிறது. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்வதில்லை. பயிருக்கு நல்லதே செய்கிறது. அதன் கண் பெரிதாயிருக்கிறது என்பதற்காக, அதைக் கண்டால் ஆகாதென்றும், மந்திரத்துக்காகுமென்றும், மருந்துக்காகுமென்றும் சொல்லிச் சொல்லிக் கொன்றார்கள். 2022-இல் இந்தப் பக்கத்திலும் கரூர் ஜில்லாவின் கடவூர்ப் பக்கத்திலுமாகச் சேர்த்து 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்குச் சரணாலயம் என்று சர்க்கார் அறிவித்திருக்கிறது. அபவாதத்துக்கு ஆளான ஜீவனுக்குச் சரணாலயம் உண்டாக்கலாம் என்று தெரிகிறது. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு எங்கள் ஊரில் ஒரு திண்ணைகூட அப்போது இருக்கவில்லை.

இப்போது வம்பர் மகாசபை ஆற்றங்கரையில் கூடுவதில்லை. எல்லோர் சட்டைப்பையிலும் கூடுகிறது. தெருவுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள்தான், உத்தியோகஸ்தர்கள், படித்தவர்கள். பெண்கள்தான் வம்பு பேசுகிறவர்கள் என்று நூறு வருஷம் கதை எழுதினோமே, அதற்குச் சரியான மறுப்பு இந்தக் கையளவு பெட்டிக்குள் இருக்கிறது. இராஜம் அய்யர் இருந்து இதைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ! பாவம், 1898-இல், இருபத்தாறு வயதிலேயே காலமாகிவிட்டார்.

ஒரு வார்த்தை தாய்மார்களுக்கு. உங்களைப் பற்றி ஊரில் பேச்சு வந்தால், கிளப்பிவிட்டவர் யாரென்று தேடிக்கொண்டு தெருத்தெருவாய்ப் போகாதீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு உங்கள் படிப்பையோ, சம்பளத்தையோ, வீட்டையோ பறிக்க வருகிறவர் யாரென்று பாருங்கள். அவர் தகப்பனாராயிருக்கலாம், அண்ணனாயிருக்கலாம், புருஷனாயிருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வியை அவரிடம் கேளுங்கள்.

எங்கள் ஊர்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னேனே, அந்த அம்மாளைச் சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். என்னைத் தெரிந்துகொண்டு, "சௌக்கியமா அண்ணா?" என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். அந்தச் சாயங்கால பஸ்ஸைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கே உங்களிடம் சொல்லுகிறேன். அந்த அம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை.

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருப்பதாகத் தலைவர் சொல்லுகிறார். யாராவது ஆட்சேபணை சொல்லுவதாயிருந்தால் எழுந்து சொல்லலாம். எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்லுகிறேன்.